பெருந்துறை ஞாயிறு கட்டுரை வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்புரை

பெருந்துறையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்றுத் தருகிறார். சென்ற கல்வியாண்டு முழுவதும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அங்கே சென்றுவந்தாள். பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்ப்பதற்குத் தடையில்லை என்பதால் பல வகுப்புகளை நானும் நேரில் கவனித்தேன். வகுப்புக்குப் பெயர்ப்பலகையோ விளம்பரமோ கிடையாது. தம் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், மாணவர்கள் அழைப்பது போல ஐயா என்றே இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சந்திப்பிழை நீங்க வேண்டும், கையெழுத்து திருந்த வேண்டும், மேற்கோள்கள் மனப்பாடமாக வேண்டும் என்று எண்ணிப் பிள்ளைகளை அனுப்புபவர்கள் ஏமாற்றமடைவார்கள். மனத்தில் தோன்றும் எண்ணங்களை எப்படிப் பிரிப்பது, எவற்றைச் சேர்த்து வைப்பது, எதை முன்னால் சொல்லி எதைப் பின்னால் சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்ற ஒரு விஷயத்தை மட்டும் கற்றுத் தரும் வகுப்பு இது. அந்த விஷயத்தில் இந்த வட்டாரத்தில் நான் பார்த்த எந்தத் தனிப்பயிற்சியும் இதற்கு அருகில் வரவில்லை. குறைகளும் உண்டு, அவற்றில் இரண்டு சற்றுப் பெரியவை.

காலை 10 மணி முதல் 12.30 வரை வகுப்பு நடக்கிறது. மாதக் கட்டணம் 500 ரூபாய். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் இருபது பேர் அளவில் வருகிறார்கள். சென்னிமலை, விஜயமங்கலம், காஞ்சிக்கோயில் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் பேருந்தேறி வருகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு ஐயாவின் மருமகள் வகுப்பெடுக்கிறார், அவரும் ஆசிரியரே.

நம் பள்ளிகளில் கட்டுரை எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த வகுப்பு எதை மாற்ற முயல்கிறது என்பது விளங்கும். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் எட்டு மதிப்பெண் கட்டுரை வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைப்போடு குறிப்புகளும் வினாத்தாளிலேயே வந்துவிடும்: முன்னுரை, நடுவில் சில உட்தலைப்புகள், முடிவுரை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் நான்கைந்து வரிகளை நிரப்பிவிட்டால் மாணவரின் வேலை முடிந்தது. லட்சக்கணக்கான விடைத்தாள்களைக் குறுகிய காலத்தில் ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய நிலையில் இந்த ஏற்பாட்டைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் வரிசைப்படுத்தும் வேலையைக் கேள்வி தயாரித்தவர் செய்து முடித்துவிடுவதால், பிள்ளை அந்த வேலையை வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாமலே பள்ளியை விட்டு வெளியேறிவிடுகிறது. கல்லூரியில் ஓர் ஆய்வுக் கட்டுரையோ, வேலையில் ஓர் அறிக்கையோ, ஊராட்சிக்கு ஒரு மனுவோ எழுத உட்காரும்போது குறிப்புச் சட்டகம் தருவதற்கு யாரும் இருப்பதில்லை. அப்போது தோன்றிய வரிசையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பத்திக்குப் பத்தி ‘மேலும்’ என்று தொடங்கி ஒப்பேற்றுகிறார்கள். படித்தவர்கள் எழுதும் மனுக்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

ஐயாவின் வகுப்பில் முதல் இரண்டு மாதங்களுக்குக் கட்டுரை எழுதவே விடுவதில்லை. சீட்டு மட்டும்தான். அச்சகத்தில் கழிக்கும் வெட்டுத்தாள்களை வாங்கி வந்து, உள்ளங்கை அளவு சீட்டுகளாக நறுக்கி, ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்துவிடுகிறார். தலைப்பைச் சொன்னதும் இருபது நிமிடத்துக்குச் சீட்டுகளில் எழுத வேண்டும். விதிகள் மூன்று. ஒரு சீட்டில் ஒரு கருத்துதான் இருக்க வேண்டும். எழுதும்போது வரிசையைப் பற்றி நினைக்கவே கூடாது. மூன்றாவது விதியில் அவர் மிகவும் கண்டிப்பானவர்: சீட்டில் இருப்பது வினைமுற்றோடு முடியும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ‘தண்ணீர்’ என்று எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை’ என்ற சீட்டை வாங்கிக்கொள்வார். இதில் நுட்பம் இருக்கிறது. தனிச்சொல் எந்தக் குவியலிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வாக்கியமாக எழுதிவிட்டால் அது எதைப் பற்றிப் பேசுகிறது, எதன் பக்கம் நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. அதற்குரிய இடத்தைத் தேட முடிகிறது.

சீட்டெழுதிக் குவியலாக்கும் முறை புதியதல்ல. ஜப்பானிய மானிடவியலாளர் ஜிரோ கவாகிதா தம் களக்குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக உருவாக்கிய இத்தகைய முறை 1960களிலிருந்து பல நாடுகளின் அலுவலகங்களில் புழங்கிவருகிறது. இங்கே அதைக் கையாளும் விதம்தான் வேறு. அதைக் காட்ட ஒரு வகுப்பைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அன்றைய தலைப்பு கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாசனம் தரும் அந்த வாய்க்காலின் மண்கரையைக் கான்கிரீட் கொண்டு சீரமைக்கும் திட்டத்தை விவசாயிகளில் ஒரு சாரார் வரவேற்க, ஒரு சாரார் எதிர்த்துப் போராடியது இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சாகவே தெரியும். ஆகவே சீட்டுகள் சரசரவென்று விழுந்தன. ‘வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகுதான் எங்கள் கிணற்றில் ஊற்று ஏறுகிறது.’ ‘கரை உடைந்தால் பல நாள் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள்.’ ‘கரையோர மரங்களை வெட்ட வேண்டியிருக்கும்.’ ‘கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு முறைத் தண்ணீர் முழுதாக வருவதில்லை.’ ‘பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டது.’ ‘வாய்க்கால் நெடுகத் தண்ணீர் கசிகிறது.’

எல்லோரும் எதிர்பார்த்தபடியே ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு குவியல்களைப் பிரித்தார்கள். பள்ளிப் பட்டிமன்றப் பழக்கம் அது. கசிவைப் பற்றிய சீட்டில்தான் தகராறு வந்தது. அது ஆதரவுக் குவியலுக்கு உரியது, கசிவதால்தானே கடைமடைக்குத் தண்ணீர் போவதில்லை என்றான் ஒருவன். இல்லை, கசிவதால்தான் கிணறுகளில் ஊற்று இருக்கிறது, எனவே எதிர்ப்புக் குவியலுக்கு உரியது என்றாள் இன்னொருத்தி. ஐயா அந்தச் சீட்டை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, “கண்ணு, இது பங்காளிச் சீட்டா, மாமன் மச்சான் சீட்டான்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். வகுப்பே சிரித்தது, ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒரே குவியலுக்குள் சேர்ந்து நிற்பவை பங்காளிகள். இரண்டு குவியல்களைக் கட்டிவைக்கும் சீட்டு சம்பந்தம் செய்துகொண்ட வீடு. அதை எந்தப் பக்கமும் ஒதுக்கக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் வைக்க வேண்டும். கூட்டமும் குலமும் பேச்சில் புழங்கும் கொங்குப் பகுதிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக அந்த வேறுபாட்டைச் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

அதன்பின் நடந்ததைத்தான் இந்த வகுப்பின் சிறப்பாகக் கருதுகிறேன். கசிவுச் சீட்டு நடுவுக்கு வந்ததும் ஆதரவு, எதிர்ப்பு என்ற பிரிவே கலைந்துவிட்டது. கசிகிற நீர் என்ற ஒரே உண்மையை, வாய்க்காலின் தலைப்பகுதியில் கிணறு வைத்திருப்பவர் வரவாகவும் கடைமடையில் நிலம் வைத்திருப்பவர் இழப்பாகவும் பார்க்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கே புலப்பட்டது. கட்டுரை அங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி சொன்னாள். முதலில் கசிவு, அடுத்து அதை நம்பியிருப்பவர்கள், அடுத்து அதனால் தண்ணீர் இழப்பவர்கள், கடைசியில் கரை உடைப்பு, இரு தரப்புக்கும் பொதுவான தொல்லை என்பதால். அந்த வரிசை பட்டிமன்ற வரிசையைவிட எத்தனையோ மடங்கு மேலானது. அதை ஆசிரியர் சொல்லித் தரவில்லை. சீட்டுகளைக் கையால் நகர்த்தியபோது அந்தப் பிள்ளையின் கண்ணுக்கே தென்பட்டது. எண்ணங்களை ஒழுங்குபடுத்துவது என்றால் இருப்பதை அழகாக அடுக்குவது என்றே நானும் நினைத்திருந்தேன். அடுக்கி மாற்றும்போதுதான் புதிய எண்ணமே பிறக்கிறது என்பதை அன்று கண்டேன்.

1955ஆம் ஆண்டுச் சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேசை ஓரத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதன்மேல் ‘மற்றொன்று விரித்தல்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எந்தக் குவியலோடும் ஒட்டாத சீட்டு, எவ்வளவு சரியான தகவலாக இருந்தாலும், அந்த டப்பாவுக்குள் போய்விடும். தெரிந்த தகவலைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினம் என்பதை டப்பாவில் போடும்போது அவர்கள் முகத்தில் பார்க்கலாம். மனப்பாடம் செய்ததை எங்காவது இறக்கிவைத்தால்தான் மதிப்பெண் என்று பழகிய பிள்ளைகள் அல்லவா!

டப்பாவின் பெயர் நன்னூல் என்ற பழைய தமிழ் இலக்கண நூலில் இருந்து வந்தது. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதை அது ஒரு குற்றமாகச் சொல்கிறது. இந்த வகுப்பில் நன்னூல் இலக்கணப் பாடமாக வருவதில்லை. எழுதுவோருக்கான கைந்நூலாக வருகிறது. நன்னூலை இயற்றிய பவணந்தியாரின் ஊர் என்று இந்தப் பக்கத்தில் போற்றப்படும் சீனாபுரம் பெருந்துறைக்கு அருகிலேயே இருப்பதால் ஐயாவுக்கு அதில் தனிப் பெருமையும் உண்டு. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் சொல்லும் பொதுப்பாயிர நூற்பாக்களை நம்மில் பலரும் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று குற்றங்களை அடுக்கிக்கொண்டே போவோம். அவற்றைக் கொண்டு நம் கட்டுரையைச் சோதித்துப் பார்க்கலாம் என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. அழகுகளுள் ஒன்றாக ‘முறையின் வைப்பே’ என்று அந்த நூல் வெளிப்படையாகச் சொல்கிறது. பத்தி என்றால் என்ன என்று கேட்டால் ஐயா புதிதாக விளக்கம் எதுவும் சொல்வதில்லை. ‘நேரின மணியை நிரல்பட வைத்தாங்கு / ஓரினப் பொருளை ஒருவழி வைப்பது’ என்று நூலின் உட்பிரிவுக்குச் சொன்ன இலக்கணத்தையே பத்திக்கும் பொருத்திக் காட்டுகிறார். ஓரினமாக இருப்பது போதாது, நிரல்படவும் வைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அதற்குள் இருக்கின்றன. சீட்டுகளைக் குவிப்பது முதல் நிபந்தனை. குவியலுக்குள் வரிசையாக்குவது இரண்டாவது.

வரிசைகள் எத்தனை வகைப்படும் என்பதற்கும் அவர் நன்னூலிடமே போகிறார். சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் நிலைகளாக ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்ற நான்கை அந்த நூல் சொல்கிறது. இலக்கணச் சூத்திரங்களுக்குச் சொன்னதைக் கட்டுரைக்குப் பொருத்துவது ஐயா எடுத்துக்கொண்ட உரிமை. இலக்கணப் புலவர்கள் ஒப்புவார்களா என்பது வேறு கேள்வி. வகுப்பில் அது நன்றாகவே பயன்படுகிறது. மஞ்சள் விளைந்து சந்தைக்குப் போகும் கதையை எழுதச் சொன்னால் ஆற்றொழுக்கைத் தவிர வேறு வழி ஏற்காது: நடவு, எட்டொன்பது மாதம் கழித்து அறுவடை, வேகவைத்தல், உலர்த்தல், பாலிஷ் போடுதல், விரலியும் கிழங்கும் பிரித்தல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம். ஒரு படி இடம் மாறினாலும் படிப்பவர் திகைத்துவிடுவார். ஒரு கட்டத்தில் நின்று, இதுவரை சொன்னதையும் இனிச் சொல்லப் போவதையும் சேர்த்துப் பார்க்கும் பத்திக்கு அரிமா நோக்கம் என்று பெயர். நீண்ட கட்டுரைக்கு நடுவில் அப்படி ஒரு பத்தியாவது வேண்டும் என்கிறார். முதலில் சொன்ன ஒன்றை இடையில் உள்ளவற்றைத் தாண்டி வந்து இணைப்பது தவளைப் பாய்த்து. இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதிக்கிறார். சுற்றிவளைக்காமல் வந்து, சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் கொத்திக்கொண்டு போவது பருந்தின் வீழ்வு. மனு எழுத இது ஏற்றது என்று சொல்லி, தெருவிளக்கு எரியாததைப் பற்றி ஊராட்சித் தலைவருக்கு ஒரு மனுவை எட்டே வரியில் எழுதவைத்தார். என் மகள் அதற்கு மூன்று முறை தாளைக் கிழித்தாள். நீளமாக எழுதுவது அவளுக்கு அதைவிட எளிது.

காரணமும் விளைவும் தொடரும் கட்டுரைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அதற்கு நொய்யல் ஆறுதான் தலைப்பு. இரண்டு சீட்டுகளுக்கு நடுவே ‘பிறகு’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்து ‘ஆகையால்’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். ‘பிறகு’ மட்டும் பொருந்தினால் அது காலவரிசைதான். காரணம் இன்னும் சொல்லப்படவில்லை. ‘திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்தது, ஆகையால் நொய்யல் கெட்டது’ என்று ஒரு மாணவன் அடுக்கியபோது, ஐயா இரண்டுக்கும் நடுவில் எதுவும் எழுதாத சீட்டு ஒன்றை வைத்து, அங்கே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னார். பின்னலாடையால் ஆறு கெடவில்லை, சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்ததால் கெட்டது என்ற நடுச்சீட்டு அதன்பின் வந்தது. கழிவுநீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, அதைச் சுற்றிய நிலங்களும் கிணறுகளும் பாழாயின, வழக்கு நடந்தது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது என்று சங்கிலி நீண்டது. விடுபட்ட கண்ணியை மாணவனே தேடும்படி எழுதாத சீட்டை வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் போய் என்ன சண்டை நடந்ததோ!

மருமகள் எடுக்கும் மனவரைபட வகுப்பைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியவில்லை. நடுவில் தலைப்பு, சுற்றிலும் வண்ணக் கிளைகள் என்று வரையும் இந்த முறை இங்கிலாந்து எழுத்தாளர் டோனி பூசான் 1970களில் பரப்பியது. அரசுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது மனவரைபடமும் பாடத்தின் ஒரு படியாக வந்ததால், அந்தக் காலத்தில் நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வகுப்பு அதுதான். ஸ்கெட்ச் பேனா, சார்ட் தாள், கிளைக்குக் கிளை நிறம். ஆனால் வகுப்பின் முடிவில் சுவரில் ஒட்ட ஓர் அழகான படம் கிடைக்கிறது. எழுதத் தொடங்குவதற்கு ஒரு வரிசை கிடைப்பதில்லை. காரணம் படத்திலேயே இருக்கிறது. கிளைகள் எல்லாம் நடுவிலிருந்து ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. எது முதலில், எது அடுத்து என்று படம் சொல்வதில்லை. ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் என்ன உறவு என்றும் சொல்வதில்லை. அமெரிக்காவில் கல்வியாளர் ஜோசப் நோவாக் அதே 1970களில் உருவாக்கிய கருத்து வரைபடத்தில் இந்தக் குறை இல்லை. அதில் இரண்டு கருத்துகளை இணைக்கும் கோட்டின்மேலேயே ‘உண்டாக்குகிறது’, ‘தடுக்கிறது’, ‘சார்ந்திருக்கிறது’ என்று இணைப்புச் சொல்லை எழுதியாக வேண்டும். கோட்டோடு சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம் கிடைத்துவிடும். சீட்டில் முழு வாக்கியம் கேட்டு அவ்வளவு கண்டிப்பு காட்டும் வகுப்பு, படத்தில் ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடுவது எனக்கு விளங்கவில்லை. கோடுகளின்மேல் வினைச்சொல்லை எழுதச் சொன்னாலே இந்த வகுப்பு இரண்டு மடங்கு பயனுள்ளதாகிவிடும். இதை மருமகளிடம் நேரிலும் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்.

எழுதி முடித்த பிறகு செய்யும் ஓரக்குறிப்புப் பயிற்சியை எல்லாப் பள்ளிகளும் எடுத்துக்கொள்ளலாம். செலவே இல்லாதது. கட்டுரையின் இடது ஓரத்தில், ஒவ்வொரு பத்திக்கும் நேராக, அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பதைப் பென்சிலால் ஒரே வரியில் எழுத வேண்டும். பிறகு பக்கத்து மாணவர் கட்டுரையை மறைத்துவிட்டு ஓரக்குறிப்புகளை மட்டும் மேலிருந்து கீழாகப் படிப்பார். ஒரு பத்திக்கு இரண்டு வரி தேவைப்பட்டால் அங்கே இரண்டு பத்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு பத்திகளுக்கு ஒரே வரி வந்தால் கூறியது கூறல். குறிப்பே எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி எதையும் சொல்லவில்லை, வெற்றெனத் தொடுத்தல். பத்துக் குற்றங்களில் பாதியைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். இந்த மதிப்புரைக்கும் அதைச் செய்து பார்த்ததில் இரண்டு பத்திகளை நீக்க வேண்டியிருந்தது.

இனிக் குறைகள். முதல் பெரிய குறை, வரிசையைக் கற்றுத் தரும் வகுப்பு இணைப்பைக் கற்றுத் தருவதில்லை. குவியல்கள் சரியான ஒழுங்கில் நிற்கின்றன. ஆனால் பத்தியிலிருந்து பத்திக்குச் செல்லும் வாசல் கட்டுரையில் இருப்பதில்லை. என் மகளின் கட்டுரைகளில் ஆண்டு முழுவதும் இதைப் பார்த்தேன். ஒழுங்கு மனத்தில் இருக்கிறது. தாளில் பத்திகள் தனித்தனியாக நிற்கின்றன. அல்லது பழைய ‘மேலும்’ திரும்பி வந்துவிடுகிறது. தமிழில் இணைப்புக்கு எத்தனை வழிகள் இருக்கின்றன! முன் வாக்கியத்தின் வினையைப் பெயரெச்சமாக்கி அடுத்ததைத் தொடங்கலாம்: ‘கழிவுநீர் அணையில் தேங்கியது. தேங்கிய நீர் நிலத்தடிக்குள் இறங்கியது.’ ‘அத்தகைய’, ‘இவ்வளவும்’, ‘அதே வேளையில்’, ‘மாறாக’, ‘இருந்தபோதிலும்’ ஆகிய ஒவ்வொன்றும் படிப்பவரை வெவ்வேறு திசைக்குத் திருப்பும். சீட்டுகளுக்கு நடுவே ‘பிறகு’, ‘ஆகையால்’ என்று சொல்லிப் பார்க்கும் பயிற்சியையே எல்லாக் கட்டுரைக்கும் நீட்டி, இந்தச் சொற்களையும் சேர்த்தால் போதும். அந்தப் பயிற்சி நொய்யலோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது குறை முடிவு. முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்கிறார். அது நல்ல யோசனை, ஏனெனில் எதை அறிமுகம் செய்கிறோம் என்பது அப்போதுதான் தெரியும். முடிவுரைக்கு வரும்போது மட்டும் சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப் போக வலுவிழந்து முடிவது, குற்றம் என்று எச்சரித்துவிட்டு, சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்திவிடு என்பதோடு விட்டுவிடுகிறார். தேயாமல் முடிப்பது எப்படி என்று அவர் செய்துகாட்டி நான் பார்க்கவில்லை. அதனால் பிள்ளைகளின் கட்டுரைகள் பாதி வழியில் இறங்கிக்கொண்டது போல முடிகின்றன. கடைசிக் குவியலுக்கு எந்தச் சீட்டுகளை எடுத்துவைப்பது என்பதையும் ஒரு வகுப்பாக நடத்தலாம்.

சில்லறைக் குறைகளும் உண்டு. எழுதிக் கொடுத்த தாள் மூன்று வாரம் கழித்துத் திரும்பி வருகிறது. அதற்குள் பிள்ளை அந்தக் கட்டுரையையே மறந்துவிடுகிறது. ஒளிநகலாகத் தரும் பயிற்சித்தாள்கள் பல இடங்களில் படிக்க முடியாதபடி மங்கியிருக்கின்றன. எட்டாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் ஒன்றாக அமர்வதால் சிறியவர்கள் முதல் மாதம் வாயே திறப்பதில்லை. சித்திரை வெயிலில் அந்த ஓட்டுமாடியில் உட்காருவது பெரியவர்களுக்கே கடினம்.

மதிப்பெண் கூடுமா என்பதுதான் பெற்றோர் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி. உடனே கூடாது. அரையாண்டுத் தேர்வில் உட்தலைப்பு இடாமல் எழுதியதற்காக என் மகளுக்குப் பள்ளியில் மதிப்பெண் குறைந்தது. இதை ஐயாவிடம் சொன்னபோது அவர் பள்ளியைக் குறை சொல்லவில்லை. “அங்க கேக்கற மாதிரி அங்க எழுதணுமுங்க, அதுவும் ஒரு வரிசைதானுங்க” என்றார். தை மாதத்திலிருந்து பொதுத்தேர்வு வினாக்களின் குறிப்புச் சட்டகத்தையே மேசையில் விரித்து, ஒவ்வொரு உட்தலைப்பின் கீழும் சீட்டுகளை அடுக்கவைத்தார். சட்டகம் கொடுக்கப்பட்டிருந்தாலும் ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் எதை முதலில் சொல்வது என்பது மாணவர் கையில்தான் இருக்கிறது என்பது அப்போது அவர்களுக்குப் புரிந்தது. முழுஆண்டுத் தேர்வில் இழந்த மதிப்பெண் திரும்பக் கிடைத்தது. ஆனால் மதிப்பெண் ஒன்றே நோக்கம் என்றால் 500 ரூபாயும் ஞாயிற்றுக்கிழமையும் வேறு வழியில் செலவாவது நல்லது. ஆங்கிலக் கட்டுரைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு: சீட்டும் ஓரக்குறிப்பும் எந்த மொழிக்கும் பொருந்தும், வகுப்பில் ஆங்கிலம் எடுப்பதில்லை.

எழுதவே பயப்படும் பிள்ளைக்கும், நிறைய எழுதி எதையும் விளங்கவைக்காத பிள்ளைக்கும் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஏற்கெனவே தெளிவாக எழுதும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதங்கள் போதும். அதற்கு மேல் அதே பயிற்சிகள் வேறு தலைப்பில் திரும்ப வருகின்றன. எட்டாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்க்கை ஜூன் மாதத்தில் நடக்கிறது. முதல் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. அன்று எழுதிய சீட்டுகளை வீட்டுக்கு எடுத்துவர அனுமதிக்கிறார். அவற்றைத் தரையில் பரப்பி, இது ஏன் இதற்கு முன்னால் என்று பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்; அதற்கு ஒரு பதில் கிடைத்தால் அடுத்த ஞாயிறு கட்டணத்தைக் கட்டிவிடலாம்.